கரடிக்குப் பயந்து போனேன், தண்ணீருக்குத் தவித்து வந்தேன்

இலங்கையின் தென்கிழக்கில் இருக்கும் குமணக் காட்டுக்குப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து ஆளாளுக்குக் கரடியைப் பற்றித்தான் சொன்னார்கள். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், கரடியின் முன்னால் ஓடவே கூடாது என்று அரை மணி நேரம் வகுப்பெடுத்தார். அம்மா யானையைச் சொன்னார். தங்கையின் கணவர் சிறுத்தையைச் சொன்னார். அவர் காட்டுப்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. நானும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வெளிச்சம் தூரத்துக்கு அடிக்கும் ஒரு டோர்ச்சும், ஊதினால் காது கிழியும் ஒரு விசிலும், கால் கிலோ மிளகாய்த்தூளும் வாங்கி வைத்துக்கொண்டேன். எத்தனை போத்தல் தண்ணீர் கொண்டுபோகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. போன இடத்தில் கரடி கண்ணில் படவே இல்லை. மிளகாய்த்தூளை வீட்டுக்குக் கொண்டுவந்து சம்பலுக்குப் போட்டுவிட்டோம். தண்ணீரால் பட்ட பாட்டையும், கட்டிய பணத்தில் வீணாகப் போனதையும் இங்கே எழுதி வைக்கிறேன். இனிப் போகிறவர்களுக்காவது உதவட்டும்.

உண்மையில் நான் போக நினைத்தது பக்கத்திலுள்ள யாலை தேசிய பூங்காவுக்கு. செப்டெம்பரில்தான் எனக்கு விடுமுறை கிடைத்தது. யாலையின் முதலாம் வலயத்தை அந்த மாதத்தில் வறட்சிக்காக மூடிவைப்பது வழக்கம். அப்போதுதான் குமண ஞாபகத்துக்கு வந்தது. யாலை கிழக்கு என்று முன்பு சொன்னது இதைத்தான். 1970இல் தேசிய பூங்காவாகி, 2006இல் குமண என்ற பெயரைப் பெற்றது. ஒரு பக்கம் கடல், தெற்கு எல்லையில் கும்புக்கன் ஆறு, நடுவே முட்காடும் களப்புகளும். யுத்தத்தால் 1985இல் மூடி, 2003இல்தான் மறுபடி திறந்தார்கள். எங்கள் வீட்டில் இந்தக் காடு ஒரு கதை. என் அம்மம்மா எழுபதுகளில் மட்டக்களப்பிலிருந்து மூன்று முறை கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனவர். உகந்தை, வண்ணாத்திக் கிணற்றடி, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று ஊர்ப் பெயர்களைத் தாலாட்டு மாதிரிச் சொல்வார். அந்தப் பாதையில் ஒரு துண்டையாவது பார்த்துவிட வேண்டும், ஆற்றங்கரையில் இரண்டு இரவு கூடாரத்தில் படுக்க வேண்டும், பறவைகளைப் பார்க்க வேண்டும். என் ஆசை இவ்வளவுதான்.

நண்பர்கள் இருவர் வருவதாக இருந்தார்கள். ஒருவருடைய பிள்ளைக்குக் காய்ச்சல், மற்றவருக்குத் திடீரென்று வேலை. இரண்டு நாள் இருக்கும்போது கையை விரித்தார்கள். முற்பணம் கட்டியாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகத் தனியே கிளம்பினேன். இதை இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. 40,000 ரூபாய் வீணாகிவிடும் என்று பயந்து போனவன், போன இடத்தில் இன்னும் 50,000 ரூபாய் செலவழித்துவிட்டு வந்தேன்.

ஒழுங்கு செய்து தருவதாகச் சொன்னவர் ஓர் இடைத்தரகர். தொலைபேசியில் பேச்சு தேன் மாதிரி இருந்தது. ஜீப், கூடாரம், சாப்பாடு, முகாம் அனுமதி எல்லாம் சேர்த்து இரண்டு இரவுக்கு 62,000 ரூபாய், முற்பணம் 40,000 என்றார். அனுப்பினேன். "முகாமிடத்துக்கான பற்றுச்சீட்டை அனுப்ப முடியுமா?" என்று ஒரு தடவை கேட்டேன். "அதெல்லாம் வாசலில் கிடைக்கும் சேர், நீங்கள் ஏன் கவலைப்படுகிறீர்கள்" என்றார். நானும் கவலைப்படுவதை விட்டுவிட்டேன். கணக்குப் பகுதியில் பதினாறு வருடம் வேலை செய்கிறவன் நான். அலுவலகத்தில் முந்நூறு ரூபாய்க்குப் பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவேன். என் சொந்தப் பணம் என்றால் மட்டும் எங்கிருந்து வந்ததோ அந்தப் பெருந்தன்மை! தயவுசெய்து இதைச் செய்யுங்கள்: முகாமிடம் வனஜீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிய வேண்டிய ஒன்று. யார் மூலம் பதிந்தாலும் பற்றுச்சீட்டின் பிரதி கைக்கு வரும்வரை வீட்டைவிட்டுக் கிளம்பாதீர்கள். வந்தபின் அதில் மூன்றைப் பாருங்கள். தேதி, எத்தனை இரவு, எந்த முகாமிடம். மூன்றும் சரியாக இருந்தால்தான் அது பதிவு.

திங்கட்கிழமை இரவு பஸ் ஏறி செவ்வாய் விடிய முன் பொத்துவிலில் இறங்கினேன். ஐந்தரைக்கு நிற்பதாகச் சொன்ன ஜீப் ஒன்பதே முக்காலுக்கு வந்தது. அந்த நான்கு மணி நேரமும் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து, தரகருக்கு மாறி மாறி அழைப்பெடுத்துக்கொண்டிருந்தேன். முதலில் "வந்துகொண்டிருக்கிறது", பிறகு "பக்கத்தில் நிற்கிறது", பிறகு கைபேசி அணைப்பு. ஜீப்போடு வந்த பையனுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். பொத்துவில்காரன். இறங்கியதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "அண்ணன், மிச்சக் காசு 22,000 உங்களிடம்தான் வாங்கச் சொன்னார்கள், எண்ணெய்க் காசு 9,000 தனி" என்பதுதான். எண்ணெய்க்குத் தனியே தருவதாக எந்தப் பேச்சும் இருக்கவில்லை. ஆனால் தரகர் அவனுக்கு ஒரு சதம்கூடக் கொடுக்கவில்லை என்று தெரிந்ததும் அந்தப் பையனோடு சண்டை பிடிக்க மனம் வரவில்லை. கொடுத்தேன். நல்லவேளையாகக் கையில் காசு இருந்தது. பொத்துவிலைத் தாண்டினால் வங்கி இயந்திரத்தை நம்பிப் போகாதீர்கள், எடுப்பதை அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் தவறு தொடங்கியதும் அந்தக் கடையடியில்தான். ஐந்து லீற்றர் கலன் இரண்டும், ஒன்றரை லீற்றர் போத்தல் நான்கும் வாங்கினேன். இன்னும் இரண்டு கலன் எடுக்கலாமா என்று கை போனது. "சமைக்கவும் குளிக்கவும் ஆறு இருக்கிறதே" என்று தரகர் முன்பே சொன்னது ஞாபகம் வர, கையை இழுத்துக்கொண்டேன். இரண்டு கலனின் விலை ஆயிரம் ரூபாய்கூட வராது.

பொத்துவிலிலிருந்து பாணமை வரைக்கும் நல்ல தார்ப்பாதை. பாணமை எனக்குப் பிடித்துப்போனது. சிங்களமும் தமிழும் கலந்து புழங்கும் ஊர். ஒரு கடையில் மூதாட்டி ஒருவர் என்னோடு தமிழிலும் பேரனோடு சிங்களத்திலும் ஒரே மூச்சில் பேசினார். அதைத் தாண்டினால் கிரவல் பாதை, புழுதி, இரண்டு பக்கமும் பற்றைக்காடு. குடும்பிகலைக் குன்றுகள் தூரத்தில் தெரியும். பிறகு உகந்தை. பூங்காவின் வாசலும் முருகன் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. முருகனும் வள்ளியும் வந்த தோணிகள் கல்லாகிக் கிடப்பதாகச் சொல்லும் கடற்கரை அது. ஆடிவேல் காலத்தில் இரண்டு வாரம் போல யாத்திரிகருக்குக் காட்டுப் பாதையைத் திறந்துவிடுவார்கள். அப்போது இங்கே நிற்க இடம் இராது. நான் போன அன்று மணி அடிக்கிற ஐயரும் இரண்டு நாய்களும்தான்.

பூங்கா அலுவலகத்தில் விஷயம் வெளுத்தது. என் பெயரில் இருந்தது ஒரே ஓர் இரவுக்கான அனுமதி. உத்தியோகத்தர் புத்தகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். புதன் இரவுக்கு அதே முகாமிடம் வேறொரு பெயரில் இருந்தது. வேறு இடம் ஏதும் உண்டா என்று கேட்டேன். "இங்கே நாங்கள் பதிவதில்லை, தலைமை அலுவலகத்தில்தான் பதிய வேண்டும்" என்று சொல்லிவிட்டு, எனக்காகத் தன் தொலைபேசியிலிருந்து கொழும்புக்கு எடுத்தும் பார்த்தார். முடியவில்லை. அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்தப் புத்தகத்தில் இருந்த முன்பின் தெரியாத பெயர்மீதுதான் கோபம் கோபமாக வந்தது. எவனோ ஒருவன் என்னுடைய இரவைப் பறித்துக்கொண்டான் என்றே நினைத்தேன். அடுத்த நாள் பிற்பகல் அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாக நிற்கப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

உள்ளே போகும்போது பன்னிரண்டு மணி. எங்களோடு ஒரு வழிகாட்டியை அனுப்பினார்கள். பாணமைக்காரர், ஐம்பது வயது தாண்டியவர். என்னைச் சிங்களத்தில் 'மாத்தையா' (ஐயா) என்றுதான் கூப்பிட்டார், தமிழும் பேசினார். குமண வில்லு என்ற சதுப்பு நிலத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் பறந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். ஏன் சிரித்தார் என்பது போய்ப் பார்த்ததும் புரிந்தது. இருநூறு ஹெக்டேர் சதுப்பு நீர்ப்பரப்பு என்று படித்துவிட்டுப் போனவன் கண்டது, தோசைக்கல் மாதிரிக் காய்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு வெடித்துக் கிடந்த சேற்றுத்தரை. நடுவில் ஒரு குட்டை. கும்புக்கன் ஆற்றிலிருந்து ஒரு சின்னக் கால்வாய் வழியாகத்தான் இந்த வில்லுவுக்குத் தண்ணீர் வருகிறது. ஆறே வற்றிக் கிடக்கும்போது வில்லு எப்படி நிறையும்? பறவைகள் கூடு கட்டுவது மே முதல் ஜூலை வரை. சங்குவளை நாரையும் கரண்டிவாயனும் நீர்க்காகமும் மரத்துக்கு மரம் குஞ்சு பொரித்து, காடே எச்சத்தால் வெள்ளையாகி நிற்கும் காலம் அது. "ஜூன் மாதம் வந்திருந்தால் சத்தத்தில் நாங்கள் பேசுவதுகூடக் கேட்காது, மாத்தையா" என்றார் வழிகாட்டி. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பறவையினங்களைப் பதிவு செய்திருக்கும் இடத்துக்கு, அவை குடும்பம் நடத்தி முடித்துவிட்டுப் போன பிறகு வந்து நிற்கிறேன்.

அந்தக் குட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நன்றி கெட்டவனாகிவிடுவேன். எஞ்சியிருந்த தண்ணீர் அவ்வளவும் அதுதான் என்பதால் எஞ்சியிருந்த உயிர்கள் அவ்வளவும் அதில்தான் இருந்தன. முதலைகள் ஒன்றன் முதுகில் ஒன்று தாடையைச் சாய்த்துப் படுத்திருந்தன. அவற்றுக்கு மூன்று நான்கு முழம் தள்ளி, ஒரு சங்குவளை நாரை சேற்றுக்குள் அலகைத் திறந்தபடி வைத்துக்கொண்டு, ஒரு காலால் மெல்லக் கிளறிக் கிளறி நடந்தது. மீன் அலகில் பட்டதும் பட்டென்று மூடியது. அந்தச் சத்தம் ஜீப்வரை கேட்டது. கூழைக்கடாக்கள் நாலைந்து கரையில் கிழவர்களைப் போல் உட்கார்ந்திருந்தன. ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் நான் கொடுத்த காசுக்கும் கண்ட கனவுக்கும் அது காணாது. பறவைக்காகப் போகிறவர்கள் செப்டெம்பரை மறந்துவிடுங்கள். யானை, மரை, மான் தண்ணீர் தேடி வெளியே வருவதைப் பார்க்க வேண்டுமானால் வறட்சிக்காலமும் நல்லதுதான். எதற்காகப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, பிறகு விடுமுறை கேளுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

முகாமிடம் ஆற்றங்கரையில், மருதமரங்களுக்குக் கீழே. சிங்களத்தில் கும்புக் என்பது நம்முடைய மருதமரம். ஆற்றின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். நான்கு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரங்கள், வெளிறிய பட்டை, மணலுக்கு மேலே நெளிந்து ஓடும் வேர்கள். அழகைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆற்றைப் பார்த்தபோதுதான் வயிற்றில் புளி கரைந்தது. தொடர்ச்சியான நீரோட்டம் இல்லை. மணலில் அங்கங்கே குட்டைகள், மேலே பச்சைப் பாசி, கரையில் எருமைச் சாணம். அதில் குளிப்பதா, சமைப்பதா? முகாமிடம் என்றால் குழாய், மலசலகூடம், ஒரு கொட்டகை இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் கிடையாது. மரமும் மணலும்தான். தேவைக்கு ஒரு மண்வெட்டியும் கையோடு வேண்டும். எங்களிடம் அதுவும் இல்லை. சட்டித் துண்டால் தோண்டினேன். குப்பை முழுவதையும் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதால் இரண்டு பெரிய பைகள் எடுத்துப் போங்கள்.

கூடாரத்தை ஆற்று மணலில் போடலாம், மெத்தென்று இருக்கும் என்றேன். வழிகாட்டி ஒரேயடியாக மறுத்தார். ஊவாப் பக்கம் மலையில் மழை பெய்தால் இங்கே மேகமே இல்லாமல் இரவோடு இரவாக வெள்ளம் வரும், அதோடு மணல் யானை நடக்கிற பாதை என்றார். மேட்டில் போட்டோம். இரவு பதினொன்றரைக்கு அவர் சொன்ன யானை அதே மணலில் நடந்து வந்தது. காலடிச் சத்தமே இல்லை. மூச்சு விடுகிற சத்தமும், தும்பிக்கையால் மணலை உதறுகிற சத்தமும்தான் கேட்டன. நான் டோர்ச்சைத் தொட, அவர் என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். வெளிச்சம் அடிக்கக்கூடாது, பேசக்கூடாது, கூடாரத்துக்குள் பழம் வைத்திருக்கக்கூடாது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டோர்ச்சுக்கு அன்று வேலை இல்லாமல் போனது.

சாப்பாட்டைப் பற்றி இரண்டு வரி. தரகர் கொடுத்துவிட்ட சாப்பாடு என்பது ஒரு கிலோ அரிசி, பருப்பு, இரண்டு டின் மீன், நான்கு இறாத்தல் பாண். பாணைக் காலையில் குரங்குகள் தூக்கிக்கொண்டு போயின. மூடி இறுகப் பூட்டுகிற வாளி ஒன்று இருந்திருந்தால் தப்பியிருக்கும்.

சாப்பாட்டைவிடப் பெரிய பாடு உண்ணிப்பாடு. காய்ந்த புல்லில் ஊசிமுனை அளவு உண்ணிகள். காலில் ஏறுவதே தெரியாது. காற்சட்டையை முழங்காலுக்கு மடித்துவிட்டு மணலில் நடப்பது சுகமாக இருந்தது, அன்று மாலை மட்டும். வீட்டுக்கு வந்து எண்ணியபோது இடுப்புக்குக் கீழே முப்பத்தேழு கடி. சொறிந்து புண்ணாகி, இரண்டு நாள் காய்ச்சலும் வந்து, வைத்தியரிடம் போய் 3,800 ரூபாய் கட்டினேன். முழுநீளக் காற்சட்டை, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். பார்க்க அழகாக இராது, காட்டில் யாரும் பார்க்கப்போவதில்லை. ஒவ்வொரு மாலையும் படுக்குமுன் உடம்பைத் துருவிப் பாருங்கள்.

புதன் காலை, அனுமதி முடிந்துவிட்டதால், மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினோம். சோறும் தேநீரும் கை கழுவலுமாகப் பதினாறு லீற்றரில் மிச்சம் இரண்டு போத்தல். வாசலுக்குப் போய்விடுவோம்தானே என்று யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒன்பதரை மணிக்கு, ஆற்றை ஒட்டிய ஒரு வளைவில், மாவு மாதிரி மணலில் ஜீப் புதைந்தது. பையன் முன்னே பின்னே என்று நான்கு தடவை முறுக்க, அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. "தம்பி, நான்கு சக்கரத்துக்கும் போடு" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "முன் சக்கரம் வேலை செய்யாது அண்ணன், மூன்று மாதமாகத் திருத்தக் குடுக்கவில்லை" என்றான். மண்வெட்டி இல்லை. இழுக்கக் கயிறு இல்லை. பலகை இல்லை. டயரில் காற்றைக் குறைத்துப் பார்க்கலாம், திரும்ப அடிக்கப் பம்ப் இல்லை. கைபேசியில் ஒரு கோடுகூட இல்லை. பொத்துவிலிலேயே, காசு கொடுக்குமுன், நான்கு சக்கர இயக்கம், மண்வெட்டி, கயிறு, பலகை, பம்ப் என்ற இந்த ஐந்தையும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு ஒரு மணல் மேட்டில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். எந்த நல்ல சாரதியும் கோபிக்க மாட்டான்.

காய்ந்த கிளைகளைப் பொறுக்கிச் சக்கரத்துக்குக் கீழே கொடுத்தோம். பச்சைக் கொப்பு வெட்டலாமா என்று பையன் கேட்டதற்கு வழிகாட்டி முறைத்த முறைப்பில் அவன் அடங்கிப்போனான். என் பாயையும் கொடுத்தேன், அது கிழிந்து பின்னால் பறந்தது. பதினொன்றரைக்குத் தண்ணீர் முடிந்தது. செப்டெம்பர் மாதம், வேலை நாள், உள்ளே வாகனமே இல்லை. அலுவலகத்தில் எங்கள் பெயரைக் குறித்திருக்கிறார்கள், ஆறு மணிக்குள் வெளியே வராவிட்டால் தேடி வருவார்கள். ஆனால் அதற்கு ஆறரை மணி நேரம் இருக்கிறது. தாகம் என்பது நாக்கு வறளுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். முதலில் வருவது எரிச்சல். பையன் மூக்கை உறிஞ்சினால்கூட எனக்குக் கோபம் வந்தது. பிறகு தலையிடி. பிறகு ஒரு மந்தம், யார் என்ன சொன்னாலும் இரண்டாம் முறை சொன்னால்தான் விளங்குகிற நிலை. பயந்தேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. நாற்பத்து மூன்று வயதில், யாருமே கட்டாயப்படுத்தாமல், காசு கட்டி வந்து இங்கே உட்கார்ந்திருக்கிறேனே என்று நினைத்தபோது கண் கலங்கியது.

பன்னிரண்டரை மணிக்கு வழிகாட்டி எழுந்து, "வாருங்கள் மாத்தையா, ஊற்றுத் தோண்டலாம்" என்றார். ஆற்றுப்படுகை முந்நூறு மீற்றர் தூரம் இருக்கும். அவர் முன்னால், இரண்டு கையையும் தட்டிக்கொண்டே நடந்தார், பற்றைக்குள் ஏதும் படுத்திருந்தால் எழுந்து போகட்டும் என்று. குட்டையின் பக்கமே போகவில்லை. வளைவின் மேல்பக்கம், மருதமரத்து வேர் மணலுக்குள் இறங்கும் இடமாகப் பார்த்து, முழங்காலில் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பெட்டியின் மூடியால் தோண்டத் தொடங்கினார். கொஞ்சம் தள்ளி யானை தோண்டிய குழி ஒன்று இருந்தது. யானைக்குத் தெரிந்த இடம்தான் நமக்கும் என்றார். முழங்கை ஆழத்தில் மணலின் நிறம் மாறியது. இன்னும் ஒரு சாண் போனதும் குழியின் அடியில் நாலு பக்கமும் இருந்து தண்ணீர் கசிந்து, சேற்று நிறத்தில் தேங்கியது. குடிக்கப் போனேன், தடுத்தார். முதல் தண்ணீரை வாரி வெளியே ஊற்றினார். இரண்டாவதையும் ஊற்றினார். மூன்றாவதும் போயிற்று. எனக்கு நெஞ்சு பதைத்தது. நான்காவது தடவை ஊறிய தண்ணீரைத் தொடாமல் கொஞ்ச நேரம் விட்டார். மணல் அடியில் படிந்தது, மேலே கண்ணாடி. சாரத்தின் நுனியை நான்காக மடித்துப் போத்தல் வாயில் வைத்து, மூடியால் அலுங்காமல் மொண்டு வார்த்தார். இலை ஊறிய மாதிரி ஒரு மணம், லேசான துவர்ப்பு, எதிர்பாராத குளிர்ச்சி. கொதிக்கவைக்காமல் இப்படிக் குடிக்கலாம் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அன்று எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை, வயிறும் மன்னித்துவிட்டது. அவர் இதை எங்கே பழகினார் என்று கேட்டேன். சின்ன வயதில் பாதயாத்திரைக் கூட்டத்துக்குப் பின்னால் போய்க் கற்றுக்கொண்டதாம். "தமிழ் ஆச்சிமார்தான் காட்டித் தந்தார்கள்" என்றார்.

மூன்றேகால் மணிக்கு ஜீப் சத்தம் கேட்டது. ஒரு குடும்பம், கண்டிப் பக்கத்தவர்கள், அப்பா அம்மா இரண்டு பெரிய பிள்ளைகள். புதன் இரவுக்கு முகாமிடத்தைப் பதிந்திருந்த அதே ஆட்கள். அந்த அப்பா இறங்கிவந்து சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முதலில் ஒரு போத்தல் தண்ணீரை நீட்டினார். பிறகு மண்வெட்டி, இரண்டு பலகை, தடித்த கயிறு என்று ஒவ்வொன்றாக ஜீப்பின் பின்னாலிருந்து வந்தன. இருபது நிமிடத்தில் எங்களை வெளியே இழுத்துப் போட்டார்கள். உள்ளே ஐந்து லீற்றர் கலன்கள் அடுக்கியிருந்ததை எண்ணினேன், பன்னிரண்டு. சாரதியோடு ஐந்து பேர், ஓர் இரவு. "முதல் தடவை நாங்களும் இப்படித்தான் மாட்டிக்கொண்டோம்" என்றார். அவருடைய சாரதியின் கையில் 5,000 ரூபாயைத் திணித்தேன். என் கணக்கில் அந்தப் பயணத்தில் உருப்படியாகச் செலவானது அதுவும், வழிகாட்டிக்குக் கொடுத்த 4,000 ரூபாயும்தான். இப்போது நான் போடுகிற கணக்கு இது: ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் எட்டு லீற்றர், அதற்குமேல் மாட்டிக்கொண்டால் என்று ஒரு முழு நாளுக்குரியது தனியே, ஜீப்பின் அடியில், கைபடாமல். சாரதியையும் வழிகாட்டியையும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். நான் மறந்தேன்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வாசலைத் தாண்டினோம். உகந்தைக் கோயிலில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். அன்றிரவு பாணமையில் 3,500 ரூபாய்க்கு ஓர் அறை எடுத்து, குழாயடியில் வாளி வாளியாக ஊற்றிக் குளித்தேன். பஸ் காசு 4,200 ரூபாயும் சேர்த்துப் பார்த்தால் மொத்தம் 91,500 ரூபாய். ஓர் இரவுக்கு, நானே நேரில் பதிந்து, ஒழுங்கான ஜீப்பை மட்டும் வாடகைக்கு அமர்த்தியிருந்தால் 55,000 ரூபாயோடு முடிந்திருக்கும் என்று பொத்துவிலில் விசாரித்தபோது தெரிந்தது. தரகர் இரண்டாம் இரவுக்கான பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். பிறகு அழைப்பெடுத்தால் எடுப்பதில்லை. தைப்பொங்கலுக்கு மட்டும் வாழ்த்து அனுப்பியிருந்தார், கீழே புதிய பயண விலைப்பட்டியலோடு.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஊற்றுக் கதையைச் சொன்னேன். யானையைக் கேட்கவில்லை, முதலையைக் கேட்கவில்லை. "எதனால் தோண்டினீர்கள்?" என்று கேட்டார். பெட்டி மூடியால் என்றேன். அம்மம்மா தன் மூட்டையில் அரிசிக்கு முன் வைப்பது ஒரு முற்றிய தேங்காய்ச் சிரட்டையைத்தானாம், தோண்டவும் அதுதான், மொள்ளவும் அதுதான். இதை நாற்பது வருடமாக எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீதான் கரடியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாயே" என்றார்.

இந்த முறை ஜூன் மாதத்துக்குப் பதிந்திருக்கிறேன். நானே போய், கவுண்டரில் நின்று, இரண்டு இரவு என்று எழுதியிருக்கிறதா என்று இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் அந்த இடத்தை விட்டு நகர்ந்தேன்.